பல்கலைக்கழகத்தில் சமத்துவப் பணி: எந்த நாற்காலியில் உட்காருவது?

உயர்கல்வி நிறுவனங்களில் சமூகநீதி, மாற்றுத்திறனாளி உரிமை, பாலின சமத்துவம் சார்ந்த பொறுப்புகளில் முன்னணிக்கு வர நினைப்பவருக்கு இந்தியாவில் ஒரே நேர்ப்பாதை கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த வேலைக்கென்று துணைத் தலைவர் நிலையில் தனிப் பதவியே இருந்தது. அதையும் இப்போது பல மாநிலங்கள் கலைத்துக்கொண்டிருக்கின்றன. இங்கே அதே வேலை நான்கைந்து மேசைகளில் சிதறிக் கிடக்கிறது. எஸ்சி/எஸ்டி பிரிவு ஒருவரிடம், சம வாய்ப்பு மையம் இன்னொருவரிடம், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழு மூன்றாமவரிடம், மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவு யாரிடமும் இல்லாமல்.

இவற்றில் எதைப் பிடித்து மேலே வருவது என்று ஒப்பிடும்போது, சம்பளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது அந்தப் பொறுப்பு எதன் பேரில் நிற்கிறது என்பதைத்தான். சட்டப் பிரிவின் பேரிலோ யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியின் பேரிலோ நிற்கும் பொறுப்பு, துணைவேந்தர் மாறினாலும் இருக்கும். துணைவேந்தரின் தனிப்பட்ட ஆர்வத்தால் முளைத்த பொறுப்பு அவருடைய பதவிக்காலத்தோடு போய்விடும். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தக் காலம் மூன்று ஆண்டு. ஒருவர் தன் வாழ்க்கைத் தொழிலை மூன்று ஆண்டுக் கணக்கில் கட்டக் கூடாது.

ஆசிரியர் பணியும் கூடுதல் பொறுப்பும்

பெரும்பாலோர் வருவது இந்த வழியில்தான். முதுகலையில் 55 விழுக்காடு (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு), நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகள்) தேர்ச்சி அல்லது விதிப்படி பெற்ற பிஎச்.டி.; இவை இருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஏழாவது ஊதியக்குழுப்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். சமத்துவப் பொறுப்பு அதன்மேல் கூடுதலாக வந்து சேரும். யூஜிசியின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன. 2026 ஜனவரியில் யூஜிசி கொண்டுவந்த புதிய விதிகளை உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் நிறுத்திவைத்து, பழைய விதிகளே தொடரட்டும் என்றது. ஆகவே புதிய விதிகளைக் காட்டி யாராவது பெரிய பதவி உருவாகப்போகிறது என்று சொன்னால், வழக்கு முடியும்வரை அதை நம்பி எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

இந்தப் பாதையின் பலம் பணிப் பாதுகாப்பு. நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் கோப்பில் எழுதும் ஆட்சேபத்துக்கு இருக்கும் எடை, ஒப்பந்த அலுவலரின் மின்னஞ்சலுக்குக் கிடையாது. பலவீனம் நேரத்தில் இருக்கிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்பது யூஜிசி கணக்கு. கூடுதல் பொறுப்பு ஆணையில் எழுதித் தராவிட்டால் இதில் ஒரு மணி நேரம்கூடக் குறையாது. பதவி உயர்வுக்கும் பெரிதாக உதவாது. 2018 விதிகளின்படி ஆண்டு மதிப்பீட்டில் 'நன்று' பெற, 80 விழுக்காட்டுக்குக் குறையாத கற்பித்தலோடு, பட்டியலிட்ட செயல்பாடுகளில் ஒன்றிலாவது பங்கு வேண்டும். நிர்வாகப் பொறுப்பு அந்தச் செயல்பாடுகளில் ஒன்றாகும், அவ்வளவுதான். விடுதிக் காப்பாளராக இருந்தாலும் அதே ஒன்றுதான். ஐந்து ஆண்டு சாதிப் பாகுபாட்டுப் புகார்களோடு மல்லுக்கட்டியவருக்கு, அந்த ஐந்தாண்டில் கட்டுரை வெளியிட்டவரைவிட முன்னால் போக வழியில்லை.

பொறுப்பின் உள்ளே போனால், பேச்சைவிடக் கணக்குதான் அதிகம். எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகக் குறிக்கும் இனச்சுழற்சிப் பதிவேட்டைப் படிக்கத் தெரியாதவர் எஸ்சி/எஸ்டி தொடர்பு அலுவலராக இருந்து பயனில்லை. ஒன்றிய அரசின் இனச்சுழற்சியில் ஓபிசிக்கு முதல் இடம் 4ஆவது பணியிடத்திலும், எஸ்சிக்கு 7ஆவதிலும், பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கு 10ஆவதிலும், எஸ்டிக்கு 14ஆவதிலும் வருகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் 13 துறைகள், துறைக்கு மூன்று உதவிப் பேராசிரியர் இடங்கள் என்று வையுங்கள். துறையை அலகாக எடுத்தால் எந்தத் துறையும் நான்காவது இடத்தைத் தொடாது. 39 இடங்களில் ஒன்றுகூட ஒதுக்கீட்டுக்கு வராது. பல்கலைக்கழகத்தை அலகாக எடுத்தால் அதே 39இல் ஓபிசிக்கு 10, எஸ்சிக்கு 5, எஸ்டிக்கு 2, பொருளாதாரப் பிரிவுக்கு 3 வந்துவிடும். 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையே அலகு என்றபோது நாடெங்கும் ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தது இதனால்தான். 2019இல் ஒன்றியக் கல்வி நிறுவனங்களுக்கான ஆசிரியர் இடஒதுக்கீட்டுச் சட்டம் பல்கலைக்கழகமே அலகு என்று திரும்ப நிலைநாட்டியது. தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களில் கணக்கு வேறு: 69 விழுக்காடு, அதற்குள் முஸ்லிம்களுக்கும் அருந்ததியருக்கும் உள்ஒதுக்கீடு, 200 புள்ளி இனச்சுழற்சி. ஒன்றியப் பல்கலைக்கழகத்தில் பழகியவர் இங்கே வந்தால் பதிவேட்டை முதலிலிருந்து கற்க வேண்டும்.

பதிவேட்டில் எங்கே தப்பு நடக்கிறது? விளம்பரம் வெளியான பிறகு தொடர்பு அலுவலரிடம் கையெழுத்து கேட்பார்கள்; அப்போது திருத்தச் சொன்னால் 'நியமனத்தைத் தடுக்கிறார்' என்ற பெயர் வரும். முந்தைய ஆண்டுகளின் நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களைப் புதிய இடங்களோடு கலந்து எண்ணிவிடுவார்கள். நேர்காணலில் 'தகுதியானவர் யாரும் இல்லை' என்று எழுதி இடத்தைக் காலியாக விடுவார்கள். இதற்கெல்லாம் ஒரே மருந்து, வரைவு விளம்பரம் தொடர்பு அலுவலரின் குறிப்பு இல்லாமல் பதிவாளரைத் தாண்டக் கூடாது என்ற நடைமுறையை எழுத்தில் வாங்குவது. சிக்கல் என்னவென்றால், யாருடைய கோப்பைச் சரிபார்க்கிறாரோ அவருக்குக் கீழேதான் இந்த அலுவலர் வேலை செய்கிறார். பணிக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகாத, தகுதிகாண் பருவத்தில் இருக்கும் உதவிப் பேராசிரியரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கும் வழக்கம் தற்செயலானது இல்லை. அந்த நிலையில் இருப்பவர் மறுப்பதே நல்லது. மறுக்க முடியாவிட்டால் ஒவ்வொரு ஆட்சேபத்தையும் தேதியோடு குறிப்பாகக் கோப்பில் விட வேண்டும்.

மாணவர் பக்கத்து வேலை வேறு வகை. கல்வி உதவித்தொகை வரும் முன்பே கட்டணம் கேட்டு ஹால் டிக்கெட்டை நிறுத்துவது, மதிப்பெண் பட்டியலைச் சாதிப் பிரிவோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, ஆய்வு நெறியாளர் ஒதுக்குவதில் ஒரு சிலரைக் கடைசியில் தள்ளுவது என்று அது நீளும். ஐஐடி பம்பாய் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சக மாணவரிடம் ஜேஇஇ நுழைவுத் தேர்வின் தரவரிசையையோ கேட் (GATE) தேர்வின் மதிப்பெண்ணையோ கேட்பதே முறையல்ல என்று சொல்ல வேண்டி வந்தது. சாதியை நேராகக் கேட்காமல் அறிந்துகொள்ளும் வழி அதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதிப் பாகுபாட்டுப் புகார்களுக்கிடையே தற்கொலை செய்துகொண்ட மாணவர்களான ரோஹித் வெமுலா, பாயல் தாட்வி இருவரின் தாயாரும் 2019இல் உச்ச நீதிமன்றம் போனது, 2012 விதிகள் ஏட்டளவில் நிற்கின்றன என்ற குறையோடுதான். அந்த ஏட்டை நடைமுறையாக்கும் ஆள் கூடுதல் பொறுப்பில் இருக்கும்வரை அது பெரிதாக மாறாது என்பது எங்கள் கணிப்பு.

மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவு

முழுநேர வேலையாக இந்தத் துறையில் நுழைய விரும்புகிறவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுவே. காரணம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவானது, அளவிடக்கூடியது. 21 வகைக் குறைபாடுகளை அது பட்டியலிடுகிறது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களும், சேர்க்கையில் ஐந்து ஆண்டு வயதுத் தளர்வும் 32ஆவது பிரிவின்படி கட்டாயம். 21ஆவது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் அதற்கென்று ஒரு தொடர்பு அலுவலரை வைக்க வேண்டும். தனியார் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும்.

இதற்கான படிப்பும் தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது. சமூகப்பணியில் முதுகலை (1952இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளி நடத்துகிறது), அல்லது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற சிறப்புக் கல்விப் படிப்பு. முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் அவற்றில் சிலவற்றை நடத்துகிறது. வலைத்தள, ஆவண அணுகல்தன்மையைப் பொறுத்தவரை, என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, மானிட்டரை அணைத்துவிட்டு உங்கள் கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். எந்தச் சான்றிதழும் சொல்லித்தராததை அது ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும்.

வேலையின் நடுப்புள்ளி தேர்வு. ஒன்றிய அரசின் 2018 வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். சொல்வதை எழுதுபவரைத் தேர்வர் தாமே அழைத்து வரலாம், நிறுவனத்திடமும் கேட்கலாம் என்று அந்த வழிகாட்டுதலில் இருந்தது. 40 விழுக்காட்டுச் சான்றிதழ் இல்லை என்பதற்காக இதை மறுக்க முடியாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்துத் தசைப்பிடிப்பு உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்காகத் தொடுத்த வழக்கு அது. பல தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகங்களில் இன்னும் பழைய சுற்றறிக்கைதான் ஓடுகிறது. அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருப்பது உதவும்.

சறுக்கல் எப்போதும் அட்டவணையில்தான். சேர்க்கை முடிந்த இரண்டு வாரத்தில் மாணவரிடம் பேசி, என்னென்ன தேவை என்று எழுதி, மாணவர் ஒப்புதலோடு ஆசிரியர்களுக்கும் தேர்வுப் பிரிவுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். ஹால் டிக்கெட் அச்சாகும் முன் அந்தப் பட்டியல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கணினியில் ஏறியிருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் சக்கர நாற்காலியில் வருபவருக்கு இரண்டாம் மாடியில் இடம் விழும், எழுதுபவரைத் தேர்வு நாள் காலையில் தேடுவார்கள், கூடுதல் நேரம் கண்காணிப்பாளருக்குத் தெரியாமல் தாள் பிடுங்கப்படும்.

தமிழ்வழி மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பழைய வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது திரைவாசிப்பானுக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பை. எழுத்துருமாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ஒரு ஆள் மெய்ப்புப் பார்த்தால்தான் பயன்படும். ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு ஒளியெழுத்து உணரி வேண்டும். கொம்பும் காலும் மாறி விழுவதால் மெய்ப்பு அங்கே இன்னும் முக்கியம். இதற்கு ஒதுக்கீடு கேட்காத பிரிவு, ஆண்டு முழுக்கத் தன்னார்வலர் தயவில் ஓடும்.

கட்டட வேலையில் ஒரு எண்ணை மனப்பாடமாக வையுங்கள்: சாய்தளத்துக்கு 1:12. மூன்று படி, படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் உயரம் 45, சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும், இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். இரண்டு மீட்டரில் கட்டி, வண்ணம் அடித்து, புகைப்படம் எடுத்து நாக் (கல்லூரிகளின் தர மதிப்பீடு) கோப்பில் சேர்த்த சாய்தளங்கள் இருக்கின்றன. அவற்றில் பைக் ஏற்றலாம். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்குங்கள் என்று உத்தரவிட்டதால் இந்த வேலைக்கு இனி மதிப்பு கூடும்.

குறை என்ன? ஏணி குட்டை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்று நிரந்தரப் பணிப்பிரிவு இல்லை, ஒப்பந்தம், திட்டநிதி. அசோகா போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்களில் கற்றல் ஆதரவு அலுவலகம் முழுநேர ஊழியர்களோடு இயங்குகிறது. அங்கேயும் பிரிவுத் தலைவர் ஆன பிறகு அடுத்த படியான மாணவர் நலப் புலத்தலைவர் பதவி வழக்கமாகப் பேராசிரியருக்குத்தான். ஆகவே இந்தப் பாதையில் போகிறவர் வேலையோடு பகுதிநேர பிஎச்.டி.யையும் தொடங்கிவிடுவது விவேகம். பல ஆண்டு கழித்து, தன்னைவிடக் குறைவாகத் தெரிந்த ஒருவருக்குக் கீழே உட்கார வேண்டிய நிலையை அது தவிர்க்கும்.

புகார் குழுக்கள்

இதைத் தனித் தொழிலாக நினைத்து வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளகப் புகார் குழுவின் வெளி உறுப்பினருக்கு 2013ஆம் ஆண்டு விதிகள் தரும் படி நாளுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும். வழக்கறிஞர்களும் தொண்டு நிறுவனத்தினரும் இதைப் பயிற்சி வகுப்புகளோடு சேர்த்துச் செய்கிறார்கள்; தனியாக இதில் குடும்பம் நடத்த முடியாது.

ஆனால் விசாரணை நடத்தக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. யூஜிசியின் 2015 விதிகளில் காலக்கெடு கறாரானது: சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை, முடிந்த பத்து நாளில் அறிக்கை, அதன்மேல் 30 நாளில் நடவடிக்கை. தாமதத்தால் வழக்குகள் பலவீனமாவது பழைய கதை. அவசரத்தாலும் ஆகும். கோவா பல்கலைக்கழகத்தில் ஒரு துறைத் தலைவர்மேல் வந்த புகார்களைக் குழு மின்னல் வேகத்தில் விசாரித்து முடிக்க, எதிர்த்தரப்புக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடவடிக்கையை ரத்துசெய்து, விசாரணையைத் திரும்ப அனுப்பியது. புகார் 2009இல் வந்தது. புகார் கொடுத்தவர்களுக்கு அந்தப் பதினான்கு ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

புலத்தலைவராகவோ பதிவாளராகவோ ஆக நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், புலத்தலைவர், துறைத்தலைவர் யாரும் இந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது அதே 2015 விதி. மேலே ஏறும்போது இந்த இருக்கையை விட்டுவிட வேண்டும். அது நல்ல விதிதான்.

கடல் தாண்டினால்

அமெரிக்காவில் இத்துறைக்குத் தொழில்முறைச் சங்கம், ஆய்விதழ், தனிப் பட்டங்கள் எல்லாம் உண்டு. 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இனம் சார்ந்த சேர்க்கைக்கு முற்றுப்புள்ளி வைத்த பிறகு நிலைமை வேகமாக மாறியது. டெக்சாஸில் 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்கள் பன்மைத்துவ அலுவலகம் வைக்கக் கூடாது என்று சட்டம். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் முதலில் அலுவலகத்தின் பெயரை மாற்றிப் பார்த்தது; 2024 ஏப்ரலில் அதையும் மூடி ஊழியர்களை அனுப்பியது. 2025 ஜனவரியில் இத்தகைய பணிகளுக்கு எதிரான டிரம்ப் ஆணைகள் வந்தன. மார்ச்சில், இத்துறையில் முன்னோடி என்று பேசப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழகமே தன் மைய அலுவலகத்தை மூடியது.

எது தப்பியது என்று பாருங்கள். 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆவது பிரிவு, 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இவற்றின் கீழ் இயங்கும் மாணவர் அணுகல் அலுவலகங்கள் நிற்கின்றன. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் IX' சட்டத்துக்கான ஒருங்கிணைப்பாளர் பதவியும் நிற்கிறது. அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் தமிழ் மாணவர்கள் இந்தத் துறைக்குள் வர விரும்பினால் இந்த இரண்டு வாசல்களில்தான் தட்ட வேண்டும். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இலும் சாதியைப் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சேர்த்தன. அது புகார் நடைமுறையில் ஒரு வரி. அதை நம்பி ஒரு வேலைத் திட்டம் போட முடியாது. இந்தியாவிலிருந்து நேராக வேலைக்குப் போவது மேலும் கடினம்: 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய எச்1பி (வேலை விசா) மனுவுக்கு ஒரு லட்சம் டாலர். மாணவர் அணுகல் அலுவலர் ஒருவருக்காக எந்தப் பல்கலைக்கழகம் அதைக் கட்டும்?

பிரிட்டனில் அடித்தளம் உறுதி. 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் ஒன்பது தன்மைகளைப் பாதுகாக்கிறது, அதன் 149ஆவது பிரிவு பொது நிறுவனங்கள்மேல் கடமையைச் சுமத்துகிறது. பல்கலைக்கழகங்கள் அதற்குள் வருகின்றன. தடை விசாவில் இருக்கிறது. 2025 ஜூலை முதல் திறன்பணியாளர் விசாவுக்குப் பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அலுவலர் நிலைப் பணிகளில் பல அதற்குக் கீழே. மேலாளர் நிலையில் நேரடியாகச் சேரும் அனுபவம் இருந்தால் மட்டும் முயலலாம்.

யாருக்கு எது

நெட் முடித்து ஆசிரியர் பணியை உண்மையாகவே விரும்புகிறவர் முதல் பாதையில் போகலாம். சமத்துவப் பொறுப்பை இணைப் பேராசிரியர் ஆன பிறகு கேட்டு வாங்குவது நல்லது, அதற்கு முன் இனச்சுழற்சியைக் கற்றுக்கொண்டால் போதும். சமூகப்பணியோ உளவியலோ படித்த, ஆய்வுக் கட்டுரை எழுதுவதில் நாட்டமில்லாதவர் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவில் தொடங்கட்டும். சட்டம் படித்தவர் வழக்கறிஞர் தொழிலை விடாமல் இரண்டு மூன்று கல்லூரிகளின் குழுக்களில் உறுப்பினராக இருந்து, பிறகு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தின் முழுநேரப் பணிக்கு வரலாம்.

எந்தப் பாதையானாலும் சேரும் முன், வாய்மொழி உறுதிகளை நம்பாமல் நியமன ஆணையில் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள்: எந்தச் சட்டப் பிரிவின் அல்லது விதியின் கீழ் இந்தப் பொறுப்பு, அறிக்கை யாருக்கு (துறைக்கா, துணைவேந்தருக்கா), ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு, அதில் தனிக் கையெழுத்தில் எவ்வளவு செலவிடலாம், ஆசிரியரென்றால் வாரத்தில் எத்தனை வகுப்பு குறையும். புகார் பதிவேடும் ஆவணங்களும் வைக்கப் பூட்டக்கூடிய அலமாரியோடு தனி அறை உண்டா என்றும் கேளுங்கள். துறைத்தலைவர் அறைக்கு உள்ளே இன்னொரு மேசை போட்டுத் தருகிறோம் என்றால், அந்த அறைக்கு எந்த மாணவரும் புகாரோடு வரமாட்டார்.